மலையக நீர்த்தேக்கங்கள் நிரம்பி நிற்கும்போது கொழும்பில் வெள்ள அபாயம் கூடுமா?

கேள்வி (வெல்லம்பிட்டி வாசி):
இம்முறை ஐப்பசியில் தொடங்கிய மழை தை வரை ஓயாததால், களனி கங்கையின் மேற்பகுதி நீர்த்தேக்கங்களில் காசல்ரீ வான் பாய்வதாகவும் மவுசாகலை நிரம்பும் நிலையில் உள்ளதாகவும் செய்தி வருகிறது. 2016 மே மாதத்தில், கொழும்பில் களனி கங்கையின் மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோல் 7 அடியைத் தாண்டியபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்குமுன் இவ்விரண்டையும் பாதியாக இறக்கிவைத்தால் நாங்கள் தப்ப மாட்டோமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர்):
உங்கள் அச்சம் நியாயமானது, கணக்கு மட்டும் வேறு. களனி கங்கையின் நீரேந்து பகுதி ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீற்றர்; அதன் மீது 200 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 46 கோடி கன மீற்றர். காசல்ரீயும் மவுசாகலையும் சேர்ந்து கொள்வதோ சுமார் 18 கோடி. பாதியை வெறுமையாக்கினாலும் அந்த இடம் அணைகளுக்கு மேலே, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் விழும் மழையை மட்டுமே பிடிக்கும்; அது மொத்த நீரேந்து பகுதியில் ஒரு சிறு மூலைதான். அணைகளுக்குக் கீழே களனியில் சேரும் சீதாவக்க ஆறும் குருகொட ஓயாவும் கொண்டுவரும் நீரை மறிக்கும் பெரிய நீர்த்தேக்கம் எதுவுமில்லை. நாகலகம் வீதியில் மட்டத்தை உயர்த்துவதில் பெரும் பங்கு அந்தப் பக்கத்து நீருக்கே. ஆகவே வான் கதவு திறந்த செய்தியைக் கேட்டதும் மூட்டை கட்டுவதைவிட, உங்களுக்கு மேலே ஆற்றிலுள்ள ஹங்வெல்ல அளவுகோலைக் கவனிப்பது பயன் தரும்.

பதில் 2 (மின்துறையில் பணிபுரிபவர்):
காசல்ரீயிலிருந்து இறங்கும் நீர் விமலசுரேந்திர, பழைய லக்ஷபான, பொல்பிட்டிய முதலான மின்நிலையங்களில் அடுத்தடுத்துச் சுழலிகளை ஓட்டுகிறது. வெறுமனே வழிய விட்டால் அந்த மின்சாரத்தை மாசி, பங்குனியில் எரிபொருள் எரித்துத்தான் ஈடுசெய்ய வேண்டும். முன்கூட்டி இறக்கிவிட்டு மே மழை பொய்த்துப்போனால் அந்தப் பழியை யார் ஏற்பது?

பதில் 3 (குடிநீர்த் துறையில் முன்பு இருந்தவர்):
மேலுள்ளவர் மின்சாரத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். கொழும்புக் குடிநீரில் பெரும் பங்கு அம்பத்தளையில் கங்கையிலிருந்தே எடுக்கப்படுகிறது. மணல் அகழ்வால் ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டதால், வரட்சியில் ஓட்டம் குறையும்போது கடல்நீர் அம்பத்தளைவரை ஏறக்கூடும். மணல் மூட்டைகளால் தடுப்பு அமைத்த காலங்களும் உண்டு. அந்நாட்களில் மலையிலிருந்து மின்நிலையங்கள் வழியாக இறங்கும் நீரே உப்பைப் பின்தள்ளுகிறது. லபுகம, களட்டுவாவ குடிநீர்த் தேக்கங்கள் கைகொடுத்தாலும் அவை சிறியவை. மார்கழி மழையில் சேர்ந்ததைத் தையிலேயே செலவழித்தால், பங்குனியில் குழாய்த் தண்ணீர் உவர்க்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
விளக்கத்துக்கு நன்றி, ஐயா. அப்படியானால் சீதாவக்கப் பக்கத்து நீரைத் தேக்க ஏன் இன்னும் வழி செய்யப்படவில்லை?

பதில் 1:
அந்தப் பள்ளத்தாக்குகளில் ஊர்களும் இறப்பர்த் தோட்டங்களும் நெருக்கமாக உள்ளன. எங்கே அணை கட்டினாலும் சிலரது வீடு நீருக்குள் போகும். அதைவிட உங்கள் பக்கத்தில் நிரப்பப்பட்டுவரும் சதுப்பு நிலங்களைக் காப்பாற்றுவது எளிது. அவை ஒவ்வொரு வெள்ளத்திலும் உங்களுக்கு முன்னால் நீரை வாங்கிக்கொள்பவை.