எஃப்(2)(9) தவறாக விரிகிறதா?

அரைப்புள்ளி: நான் எழுதிவரும் சிறிய சி கம்பைலரின் முன்செயலியில் (தொகுப்புக்கு முன் மேக்ரோக்களை விரிக்கும் பகுதியில்) ஒரு வழு இருக்கிறது. எஃப்(அ) என்ற மேக்ரோவை (எழுதிய இடத்தில் வேறு உரையாக விரியும் பெயரை) அ*ஜி என்றும், ஜி(அ) என்பதை எஃப்(அ) என்றும் வரையறுத்துவிட்டு எஃப்(2)(9) என்று எழுதினால், பரவலாகப் பயன்படும் கம்பைலரான ஜிசிசி அதை 2*9*ஜி என விரிக்கிறது. என்னுடையதோ 2*எஃப்(9) என்பதோடு நின்றுவிடுகிறது. முன்செயலியின் வெளியீட்டைத் தனியே எடுத்துப் பார்த்ததால், கோளாறு பார்சரில் (நிரலின் இலக்கணத்தைப் பகுக்கும் பகுதியில்) இல்லை என்பது உறுதி.

வரிநோக்கி: ஜிசிசியிலிருந்து மாறுபடுவதாலேயே அதை வழு என்று சொல்லிவிட முடியாது. ஒரு மேக்ரோ விரியும்போது அதன் பெயரே உள்ளே மீண்டும் வந்தால் அதை விரிக்கக் கூடாது என்பது விதி. இங்கே ஜி என்ற பெயர் எஃப் விரிந்ததில் கிடைக்கிறது, (9) மூல நிரலிலிருந்து வருகிறது. இவ்விரண்டும் சேர்ந்து பிறக்கும் இரண்டாவது எஃப், முதலாவதன் உள்ளே இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்பதைச் சி மொழியின் தரம் தீர்மானிக்கவில்லை. 2011ஆம் ஆண்டுத் தரத்தின் 6.10.3.4 பிரிவு இதே எடுத்துக்காட்டைக் கொடுத்து, இரண்டில் எந்த விடையும் வரலாம் என்கிறது. நீக்க வேண்டியது, 2*9*ஜி மட்டுமே சரி என்று எதிர்பார்க்கும் உங்கள் சோதனையைத்தான்.

அரைப்புள்ளி: தரம் அனுமதிப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பின்பற்றுவது 1986இல் டேவ் புரோசர் எழுதிய வழிமுறையை. ஒவ்வொரு டோக்கனும் (நிரலின் தனித்தனிச் சொல் அல்லது குறி) இனி விரிக்கக் கூடாத மேக்ரோ பெயர்களின் கணத்தை, அதாவது மறைகணத்தைச் சுமந்து செல்லும். அதைக் காகிதத்தில் படிப்படியாகப் போட்டுப் பார்த்தால் எனக்கு 2*9*ஜிதான் வருகிறது. காகிதமும் நிரலும் முரண்படுவதை வேறு என்னவென்று சொல்வது?

கணக்கன்: ஜி(9) என்ற அழைப்பை விரிக்கும்போது, ஜியின் மறைகணத்தையும் மூடும் அடைப்புக்குறியின் மறைகணத்தையும் என்ன செய்கிறீர்கள்? ஜியிடம் எஃப் இருக்கிறது, அடைப்புக்குறியிடம் ஒன்றுமில்லை. வெட்டு (இரண்டிலும் பொதுவானவை மட்டும்) எடுத்தால் வெற்றுக்கணம்; அதில் ஜி மட்டும் சேர்வதால் எஃப் மறுபடி விரியும். சேர்ப்பு (இரண்டிலும் உள்ளவை எல்லாம்) எடுத்தால் எஃப் அப்படியே ஒட்டிக்கொள்ளும், நீங்கள் காணும் விடைதான் வரும்.

அரைப்புள்ளி: அதேதான், ஐயா. செயற்கூற்றின் பெயர் வெட்டு; உள்ளே இரண்டு பிட் வரிசைகளுக்கும் நடுவே வெட்டுக்கான & இருக்க வேண்டிய இடத்தில் சேர்ப்புக்கான | இருக்கிறது. மாற்றியதும் 2*9*ஜி வந்துவிட்டது. நான்கு மாதங்களாக அந்த வரியைக் கடந்துதான் போய்க்கொண்டிருந்தேன்!

வரிநோக்கி: அப்படியானால் அது படியெடுப்பில் நேர்ந்த பிழை; தரத்தை உங்கள் முன்செயலி மீறவில்லை என்ற என் கூற்று அப்படியே நிற்கிறது. இனியாவது அந்தச் சோதனை இரண்டு விடைகளையும் ஏற்கும்படி திருத்திவிடுங்கள்.

அரைப்புள்ளி: முன்னதை ஒப்புக்கொள்கிறேன், பின்னதை இல்லை. இரண்டையும் ஏற்கும் சோதனையாக அது முதலிலேயே இருந்திருந்தால் அந்த | இன்னும் அங்கேயே கிடந்திருக்கும். சோதனை ஒரே விடையோடு இருக்கட்டும்; தரம் இதைக் கட்டாயமாக்கவில்லை என்று அதன் தலையில் ஒரு குறிப்பு எழுதிவிடுகிறேன்.