புதுப்பிப்பு: டிஸ்ட்ரிபியூட்டர் கியர் தேய்மானம்

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு கியர் வழியாகச் சுழற்றுகிறது. ஸ்டீல் ரோலர் கேம்ஷாஃப்டுடன் சாதாரண வார்ப்பிரும்பு கியர் சேராது, வெண்கலக் கியர் போடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதி வேலைதான்.

டிஸ்ட்ரிபியூட்டரே ஆயில் பம்பையும் சுழற்றும் எஞ்சின்களில் பம்பின் சுமை முழுவதும் இந்தக் கியர் பற்களில்தான் விழுகிறது. ஹை வால்யூம் பம்ப் (வழக்கத்தைவிட அதிக ஆயிலைத் தள்ளுவது), கெட்டியான ஆயில், குளிர்ந்த எஞ்சினில் உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது: மூன்றும் சேர்ந்தால் எந்தக் கியரும் தாங்காது. பெயரிங் இடைவெளியைக் கூட்டாத எஞ்சினுக்கு ஹை வால்யூம் பம்ப் பெரும்பாலும் தேவையே இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் இன்டேக் மேனிஃபோல்டின் மேல் உட்காரும் எஞ்சின்களில், சிலிண்டர் ஹெட்டையோ மேனிஃபோல்டையோ இழைத்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கீழே இறங்கி, பம்ப் ஷாஃப்டை அழுத்தும். கிளாம்ப் முறுக்காமலே டிஸ்ட்ரிபியூட்டரின் ஃபிளாஞ்ச் (உட்காரும் விளிம்பு) முழுதாக உட்கார வேண்டும். இல்லையேல் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள்.

வெண்கலம் தேய்வதற்கென்றே போடுவது. ஆயில் மாற்றும்போதெல்லாம் கழற்றிப் பாருங்கள்; பல்லின் நுனி கத்திபோல் கூரானால் உடனே மாற்றுங்கள்.