விலையை மாற்றிய பிறகும் கஸ்டமர் போனில் பழைய விலை

சிம்மக்கல்காரன்:
அழகர் ஆற்றில் இறங்குவதற்கு நாலு நாள் முன்னால் நடந்தது, இன்னும் மனசை அரிக்கிறது. சுங்குடிச் சேலைக் கடை வெப்சைட், விலை எல்லாம் ஒரே ஜேஎஸ் ஃபைலில். சைட் வேகமாகத் திறக்கட்டும் என்று படம், சிஎஸ்எஸ், ஜேஎஸ் எல்லாவற்றுக்கும் மேக்ஸ்-ஏஜ் (பிரவுசர் ஃபைலைத் தன்னிடமே வைத்துக் காட்டும் காலம், நொடிக் கணக்கில்) 31536000 போட்டிருந்தேன், முழுசாக ஒரு வருஷம். விலையை ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன், என் பிரவுசர் சேமித்து வைத்திருந்த கேச்சை அழித்துவிட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. மறுநாள் நான் கடையில் நிற்கும்போதே உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் போனை நீட்டி, "இதுல 650ன்னு இருக்கு, நீங்க 780ங்கிறீங்க, ஏன்யா இப்படி ஏமாத்துறீங்க?" என்றார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பில் போடும் பையனிடம் "அம்மா சொல்ற விலைக்கே போடுப்பா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கே மேக்ஸ்-ஏஜைக் குறைத்தேன், ஒரு பிரயோசனமும் இல்லை. ஏற்கெனவே ஃபைலை வாங்கி வைத்துக்கொண்ட போன் வருஷம் முடியும்வரை சர்வரிடம் கேட்கவே வராதே.

தெப்பக்குளம் கிழக்கு:
எனக்குக் கல்யாண மண்டபத்து பேனர் படத்தில் நடந்தது, பழைய போன் நம்பர், யார் வீட்டுக்கோ மணி அடித்தது. அது கிடக்கட்டும். அண்ணே, ஒரு வருஷம் போட்டது தப்பே இல்லை, பெயரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே மட்டும் மாற்றியதுதான் தப்பு. பில்ட் செய்யும்போதே, அதாவது டூல் வைத்து ஃபைல்களைத் தயார்செய்யும்போதே, ஃபைல் பெயரில் ஹாஷ் (உள்ளே இருப்பதை வைத்துக் கணக்கிடும் எழுத்துக் கோவை) சேர்த்துவிடுங்கள், உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் பெயர் மாறும், பிரவுசருக்கு அது புது ஃபைல். அப்புறம் இம்யூட்டபிளும் (இந்த ஃபைல் மாறவே மாறாது என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பு) சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஃபைல்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஹெச்டிஎம்எல் பக்கத்துக்கு மட்டும் கண்டிப்பாக நோ-கேச், அது பழசாக இருந்தால் பழைய பெயரைத்தான் கூப்பிடும்.

மேலூர் ரோடு:
நாலு பக்க சைட்டுக்கு பில்ட் டூல் எதற்குங்க? விலை ஃபைலுக்கே நோ-கேச் போட்டால் போதும். நோ-கேச் என்றால் சேமிக்காதே என்று அர்த்தம் இல்லை, அது நோ-ஸ்டோர். நானும் அப்படிக் குழப்பிக்கொண்டு ஒரு சைட் முழுக்க நோ-ஸ்டோர் போட்டுவிட்டேன். அழகர்கோவில் பக்கம் சிக்னல் ஒரு புள்ளி, ஒரே படம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து இறங்கியதை வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நோ-கேச் என்றால் வைத்துக்கொள், ஆனால் கேட்டுவிட்டுக் காட்டு. ஈடேக் (ஃபைலின் பதிப்பைக் காட்டும் அடையாளம்) ஒத்துப்போனால் சர்வர் 304, அதாவது மாறவில்லை, என்று மட்டும் சொல்லும், ஃபைல் திரும்ப இறங்காது. எதுவுமே போடாமல் விட்டாலும் கேச் ஆகாது என்று நம்பாதீர்கள், லாஸ்ட்-மாடிஃபைடை (ஃபைல் கடைசியாக மாறிய நேரம்) வைத்து, எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று பிரவுசரே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும்.

சிம்மக்கல்காரன்:
ஃபைல் பெயரை விலை2 என்று மாற்றியதும்தான் எல்லா போனிலும் புது விலை வந்தது. அந்த அம்மாவிடம்தான் யாரும் ஏமாற்றவில்லை என்று எடுத்துச் சொல்லவில்லை. சேலையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.