டச்சு அவனைத் தமிழில் எப்படிச் சொல்ல?

பாளையங்கோட்டையிலிருந்து, திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிச் சாரணர் பிள்ளைகளுக்காக முகாம் சமையல் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ‘டச்சு அவன்’ (Dutch oven) என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

கனத்த வார்ப்பிரும்புச் சட்டி அது. அடியில் மூன்று குட்டைக் கால்கள், தூக்குவதற்கு வளைந்த கம்பி, தட்டையான மூடி. கங்கு உருண்டு விழாதபடி மூடியின் ஓரம் எழும்பியிருக்கும். கீழேயும் கங்கு, மேலேயும் கங்கு. ரொட்டியும் சுடலாம், குழம்பும் வைக்கலாம்.

முதலில் ‘அவன்’ என்றே எழுதினேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை வாசிக்கச் சொன்னேன். ‘அவனைக் கங்கின் மேல் வைத்து மூடி, நாற்பது நிமிடம் விடவும்’ என்று வாசித்தான். வகுப்பு அடங்கவே இல்லை. ‘ஓவன்’ என்று மாற்றினால் கரண்டில் ஓடும் பெட்டியை நினைக்கிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

சுரண்டையிலிருந்து

டீச்சர், ‘அடு’ என்ற வேர் கையில் இருக்கும்போது கவலை எதற்கு? அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடிசில் (சோறு), அட்டில் (சமையலறை) எல்லாம் அதன் பிள்ளைகள். ‘அட்டாலும் பால்சுவையில் குன்றாது’ என்று மூதுரையில் படித்தவர்கள்தானே நாம்? அட்டில் + கலம் = அட்டிற்கலம். லகரம் றகரமாவது விதிப்படி.

‘டச்சு’ என்ற ஒட்டு வேண்டவே வேண்டாம். 1707-ல் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கக் காப்புரிமை வாங்கிய ஆபிரகாம் டார்பி இங்கிலாந்துக்காரர். ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், வார்ப்பு முறையைப் பார்த்து வந்து செய்ததால் அந்தப் பெயர் என்பார்கள். நம் தூத்துக்குடியை 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்களே, அதே ஒல்லாந்தர்தான். அவர்கள் பெயரை நம் சட்டிக்கு ஏன் வைக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கள் பக்கம் பாண் (ரொட்டி) சுடுவது போறணையில். போர்த்துகீசியர் விட்டுப்போன சொல்தான், ஆனால் ஊருக்கே தெரியும். எழுத்தில் வெதுப்பி என்போம். ‘இரும்பு வெதுப்பி’ சரிவருமா?

சுரண்டையிலிருந்து

போறணையை என்னால் ஏற்க முடியாது. வெதுப்பி தமிழ்தான், ஆனால் வெதுப்புதல் இளஞ்சூடு. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம், ரொட்டி சுட முடியுமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து

அண்ணாச்சி, கோபப்படாதீர்கள். அட்டிற்கலம் என்று பாத்திரக்கடையில் கேட்டுப் பாருங்கள், என்ன எடுத்துத் தருகிறார்கள் என்று.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போனால் மூன்று கல் பொறுக்கி அடுப்புக் கூட்டுவோம். ‘கூட்டுவது’ என்ற சொல்லே எவ்வளவு அழகு! கையேட்டில் முகாம் அடுப்பு என்று வருகிற இடமெல்லாம் ‘பயண அடுப்பு’ என்று போட்டுவிடலாம். அதில் சண்டைக்கு இடமில்லை.

சட்டி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆச்சி இருப்புச்சட்டியில் தடி அடை சுடுவாள். மாவை ஊற்றி, மூடியைக் கவிழ்த்து, இடுக்கியால் சிரட்டைக் கங்கை ஒவ்வொன்றாக எடுத்து மேலே அடுக்குவாள். நடுவில் வைக்க மாட்டாள், ஓரம் சுற்றித்தான். கொஞ்ச நேரத்தில் மூடி இடுக்கில் நல்லெண்ணெய் வாசம் வரும். ‘மேக்கங்கு போடு’ என்பாள். அந்தப் பாத்திரமும் இதே வேலைதான் செய்கிறது. ‘கங்குச்சட்டி’ என்று சொல்லுங்கள், ஒரு பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று டீச்சர். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் புதுச் சட்டியை எண்ணெய் தடவிச் சூடாக்குவதற்குப் ‘பதப்படுத்துதல்’ என்று இருக்கிறது. வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சட்டியைப் பழக்குவோம்.

பெங்களூரிலிருந்து (சொந்த ஊர் களக்காடு)

இருப்புச்சட்டி என்று அக்கா சரியாக எழுதியதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். இரும்பு மென்தொடர்க் குற்றியலுகரம், வேற்றுமையில் வன்தொடராகும். இருப்புப்பாதை போல, மருந்து + பை மருத்துப்பை ஆவது போல. அப்படியானால் வார்ப்பிரும்புச் சட்டியை வார்ப்பிருப்புச் சட்டி என்று எழுத வேண்டாமா? நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டில் பெரிய பாத்திரத்தையே ‘வார்ப்பு’ என்பார்கள். அதை எடுத்துக்கொண்டால் இரும்பே வேண்டாம்.

மூன்று காலை வைத்து முக்கால் சட்டி என்று முதலில் நினைத்தேன். முக்கால்வாசி நிரம்பிய சட்டி என்று படிப்பார்கள், விட்டுவிட்டேன்.

பாளையங்கோட்டையிலிருந்து, வியாழன் இரவு

நேரமாகிவிட்டது. பதில் எழுதியவர்களில் ஐந்து பேர் கங்குச்சட்டி, இரண்டு பேர் இரும்பு வெதுப்பி, அட்டிற்கலத்துக்கு அண்ணாச்சி ஒருவர்தான். கங்குச்சட்டி என்றே போடுகிறேன். பழக்குதலும் பயண அடுப்பும் ஏறிவிட்டன. வார்ப்பிருப்பு வேண்டாம், பாடநூலில் வார்ப்பிரும்பு என்றே படிக்கிறார்கள்.

மூடி ஓரத்துக்கு மட்டும் யாரும் சொல் தரவில்லை. வகுப்பில் படம் வரைந்து காட்டினேன். வயல்காட்டுப் பிள்ளை ஒருத்தி, ‘வரப்பு மாதிரி இருக்கு டீச்சர், தண்ணிக்குப் பதிலா கங்கு நிக்குது’ என்றாள். வரப்பு மூடி என்று எழுதிவிட்டேன். இப்போது அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது:

‘12 அங்குலக் கங்குச்சட்டியில் ரொட்டி சுட 24 கரிக்கட்டிகள் வேண்டும். 16 வரப்பு மூடியின் மேல், 8 சட்டியின் கீழ். உள்ளே ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ் சூடு நிற்கும். குழம்பு வைப்பதானால் கீழே கங்கைக் கூட்டவும்.’

சுரண்டையிலிருந்து, வெள்ளி காலை

வரப்பு மூடிக்கு அந்தப் பிள்ளையை என் சார்பில் பாராட்டுங்கள் டீச்சர். கங்குச்சட்டியை மட்டும் நான் ஒப்பவில்லை. அம்மன் கோவிலில் எடுக்கிற தீச்சட்டிக்குள் தீ இருக்கிறது. கங்குச்சட்டி என்றால் கங்கு உள்ளே இருக்கிற சட்டி என்றுதானே பொருள்? இதிலோ கங்கு வெளியே இருக்கிறது, சோறு உள்ளே இருக்கிறது. அடுத்த பதிப்புக்கு முன்னால் இதைத் திரும்பப் பேச வேண்டும்.