ஜோ தாம்சன் வீட்டில் மைக் இருந்ததா?

மூணாங்கட்டை:
பக்கத்து இழையில காப்பிக்கடை அருள் ஒரு வரியை எறிஞ்சுட்டுப் போயிருக்கார். "வாரா வாரம் ஓபன் மைக் நடத்துற நாலு பேர் இல்லேன்னா அமெரிக்க வேர் இசை என்னிக்கோ செத்திருக்கும்." வேர் இசைன்னா அமெரிக்காவோட பழைய நாட்டுப்புற இசை; ஓபன் மைக்னா வாசல்ல பேர் எழுதிட்டு யார் வேணும்னாலும் மைக் முன்னாடி ஏறி வாசிக்கிற ராத்திரி. படிச்சதுலேர்ந்து சோறு இறங்கலை. அங்கயே கேட்டா இழை கெட்டுப்போகும்னு தனியாத் திறக்கிறேன்.

அருள் சார், ஒரே ஒரு கேள்விதான். நம்ம நார்த் கரோலினாவுல மேபேன்னு ஒரு ஊர். அங்க ஜோ தாம்சன்னு ஒரு பிடில்காரர், 1918ல பிறந்து 2012ல போனவர். கறுப்பினத்தவரோட பழைய ஸ்டிரிங் பேண்ட், அதாவது தந்திக் கருவிக் குழு மரபுல கடைசியா மிஞ்சி இருந்த சிலர்ல ஒருத்தர். 2005ல ரியானன் கிட்டன்ஸும் இன்னும் ரெண்டு பசங்களும் வியாழக்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போய், எதிர்ல உக்காந்து, அவர் வாசிக்க வாசிக்கப் பிடிச்சாங்க. அந்தக் கூட்டுதான் கரோலினா சாக்லேட் டிராப்ஸ்ங்கிற இசைக்குழு. 2011ல கிராமி வாங்கினாங்க.

அந்த வீட்டில் மைக் இருந்ததா? வாசல்ல பேர் எழுத நோட்டு வச்சிருந்தாங்களா?

காப்பிக்கடை அருள்:
முதல்ல முழு வரியையும் போடுங்க. "இன்னிக்குச் சின்ன ஊர்கள்ல" அப்படின்னு ஆரம்பிச்சிருந்தேன். தலையை வெட்டிட்டு முண்டத்தைக் கொண்டுவந்து காட்டுறீங்க.

வரலாறுதான் வேணும்னா கேட்டுக்குங்க. நியூயார்க் கிரீனிச் வில்லேஜ்ல கெர்டிஸ் ஃபோக் சிட்டி, 1960. திங்கட்கிழமை ராத்திரி யார் வேணும்னாலும் ஏறலாம். அதுக்கு ஹூட்டனானின்னு பேர். 1961ல பாடகர் பாப் டிலன் அங்க ஏறி ஏறித்தான் அந்த ஏப்ரல்ல புளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கருக்கு முன்னாடி வாசிக்கிற வாய்ப்பைப் பிடிச்சார். பேர் வேறயா இருந்தா ஓபன் மைக் இல்லேன்னு ஆயிடுமா?

மூணாங்கட்டை:
டிலன் வந்துட்டார். எந்த இழையானாலும் மூணாவது பதிவுல டிலன் வந்துடுவார், சாம்பார்ல பெருங்காயம் மாதிரி.

அவர் பழைய பாட்டெல்லாம் எங்கேர்ந்து பிடிச்சார்? ஹாரி ஸ்மித் தொகுத்து 1952ல ஃபோக்வேஸ் கம்பெனி வெளியிட்ட இசைத்தட்டுகள்லேர்ந்து. மொத்தம் 84 பதிவு, எல்லாம் 20களோட கடைசியிலயும் 30களோட தொடக்கத்துலயும் வந்த பழைய 78 சுழற்சித் தட்டுகள். பாட்டைக் காப்பாத்தினது தட்டும் வீடும். திங்கட்கிழமை ராத்திரி இல்ல. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. ஜோ தாம்சன் வீட்டில் மைக் இருந்ததா?

வேலையத்தவன்:
மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ. கல்யாண வீட்டு ரேடியோ செட்காரர் ஞாபகம் வந்துடுச்சு. தொடரட்டும், நான் ஓரமா உக்காந்துக்கறேன்.

புளூஸ்பித்தன்:
இரு தரப்பும் வேர் இசை என்றால் பிடில், பாஞ்சோ (தோல் கட்டிய தந்திக் கருவி) என்றே நினைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறீர்கள். கறுப்பினத்தவரின் புளூஸ் இசையும் வேர் இசைதான். மிசிசிப்பியில் பென்டோனியா என்ற சிற்றூரில் புளூ ஃபிரண்ட் கஃபே இருக்கிறது. 1948இல் திறந்தது. திறந்தவர்களின் மகன் ஜிம்மி டக் ஹோம்ஸ் 1970 முதல் அதை நடத்துகிறார். ஹென்றி ஸ்டக்கி, ஜாக் ஓவன்ஸ் ஆகிய மூத்த புளூஸ்காரர்களிடமிருந்து நேரடியாகக் கற்றவர். அவருக்குக் கிட்டாரும் அதுதான் இடம், கடையும் அதுதான் இடம். அதை ஓபன் மைக் என்பீர்களா, வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கும் ஜாம் என்பீர்களா? இரண்டும் வெள்ளைக்காரக் கல்லூரி நகரங்களின் சொற்கள். அந்த ஊரில் அதற்குப் பெயரே தேவைப்படவில்லை.

மூணாங்கட்டை:
பித்தன் சொன்னதை அப்படியே வழிமொழியறேன். கேட்டுக்கோங்க அருள். நேரடியாக் கத்தவர்.

புளூஸ்பித்தன்:
நான் உங்களை ஆதரிக்கவில்லை. சரியாகப் படியுங்கள். அது ஒரு கடை. கதவு திறந்திருக்கும். யாரும் வந்து உட்காரலாம்.

காப்பிக்கடை அருள்:
நன்றி பித்தன். கதவு திறந்திருக்கணும், அவ்வளவுதான் நானும் சொல்றேன்.

இப்ப மைக்குக்கு வர்றேன், அதுமேலதானே அவருக்கு இவ்வளவு காதல். 1927ல தட்டுக் கம்பெனிக்காரர் ரால்ஃப் பியர் அமெரிக்காவுல பிரிஸ்டல் ஊர்ல வந்து கார்ட்டர் குடும்பம்ங்கிற பாட்டுக் குழுவையும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸையும் பதிவு பண்ணினாரே, அங்க மைக் இருந்ததா? இருந்தது. மின்சாரப் பதிவு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதுக்கு முன்னாடி புனல் வாய்ல கத்தணும். மைக் வந்ததாலதான் சாரா கார்ட்டர் வீட்ல பாடுற மாதிரியே பாட முடிஞ்சுது.

அடுத்து புளூகிராஸ், பிடிலும் பாஞ்சோவும் வேகமாப் போற பாணி. பில் மன்ரோ குழு கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில ஒரே மைக்கைச் சுத்தித்தான் நின்னாங்க. 1945 டிசம்பர்ல ஏர்ல் ஸ்கிரக்ஸ் பாஞ்சோவோட வந்து சேர்ந்தார். யாரோட முறையோ அவர் மைக்குக்கு முன்னாடி வருவார், முடிஞ்சதும் ஒதுங்குவார், அடுத்தவர் நுழைவார். அந்த நடையே மைக் போட்ட கோலம். மைக் இல்லாம புளூகிராஸே இல்ல.

மூணாங்கட்டை:
அது வானொலி. அது பதிவு. நான் கேட்டது ஜோ தாம்சன் வீடு. ஸ்டூடியோ பத்தி யார் கேட்டா?

டாமி ஜாரல் கதை தெரியுமா? நார்த் கரோலினாவுல மவுண்ட் ஏரி பக்கத்துப் பிடில்காரர். மாநில நெடுஞ்சாலைத் துறையில சாலை சமன் பண்ற வண்டி ஓட்டிட்டு 1966ல ஓய்வு பெற்றவர். அதுக்கப்புறம் 1985ல சாகிற வரைக்கும் அவர் வீடு ஒரு சத்திரம். நாடு முழுக்க இருந்து பசங்க டேப் ரெக்கார்டரோட வந்து இறங்குவாங்க, வந்தவங்களுக்குச் சாப்பாடு, படுக்கை, பிடில் மூணும் உண்டு. இன்னிக்கு சியாட்டில்ல ஒருத்தன் பிடில்ல வில் போடுற பாணியில அந்தச் சமையலறை கேட்கும். எட்டு நிமிஷத்துல மணி அடிச்சு இறக்கி விடுற இடத்துல இது நடக்குமா?

காப்பிக்கடை அருள்:
ஓஹோ. எட்டு நிமிஷமா.

இப்பப் புரியுது. சபையோர் கவனத்துக்கு: சார் போன வருஷம் நான் நடத்துற இடத்துக்கு வந்தார். ஒருத்தருக்கு ரெண்டு பாட்டு இல்லேன்னா எட்டு நிமிஷம்னு பலகையில எழுதியிருக்கு. இவர் ஒரே ட்யூனை எடுத்தார். ஏ பகுதி ரெண்டு தடவை, பி பகுதி ரெண்டு தடவை, திரும்ப ஏ, திரும்ப பி... பன்னெண்டு சுத்து. பின்னாடி பத்து பேர் வரிசையில நிக்கிறாங்க. நான் கையைக் காட்டினேன். அந்தக் கைதான் இந்த இழை. ஜோ தாம்சன் பாவம், அவரை எதுக்கு இழுக்கணும்?

வேலையத்தவன்:
அட்ரா சக்கை. பாப்கார்ன் போடப் போறேன், யாருக்காவது வேணுமா?

மூணாங்கட்டை:
தனிப்பட்ட விஷயத்தை நான் கிளப்பலை. கிளப்பினது யாருன்னு எல்லாரும் பார்த்துட்டாங்க.

ஓல்டு டைம்னு சொல்ற பழைய பிடில், பாஞ்சோ ட்யூன் அப்படித்தான். அது கேட்கிறவங்களுக்காக எழுதினது இல்ல, ஆடுறவங்களுக்காக. சதுர நடனம் முடியிற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். அஞ்சாவது சுத்துலதான் வில் இளகும், எட்டாவதுலதான் பக்கத்து ஆளோட மூச்சு பிடிபடும். அதுக்கு முன்னாடி கையைக் காட்டுறவருக்கு இசை தெரியாதுன்னு நான் சொல்லலை. அவசரம் தெரியும்னு சொல்றேன்.

சுருதிப்பெட்டி:
நான் கிளீவ்லண்ட் பக்கம். 1978லேர்ந்து இங்க தியாகராஜ ஆராதனை நடக்கிறது. பஞ்சரத்னம் பாடும்போது எல்லாரும் சேர்ந்துதான் பாடுவோம், தனியா யாருக்கும் கைதட்டல் கிடையாது. ஆனா அதே விழாவில குழந்தைகளுக்குப் போட்டியும் உண்டு, அங்க ஒவ்வொருத்தரா ஏறணும். வட்டம் ஒரு பழக்கம், மேடை இன்னொரு பழக்கம். ரெண்டும் இருந்தாத்தான் பிள்ளைங்க நிலைக்கிறாங்கன்னு எங்க அனுபவம். இதுல சண்டை எங்க வந்தது?

மூணாங்கட்டை:
மேடம், கர்நாடக சங்கீதத்துக்குக் குரு இருக்கார், பாடாந்திரம் இருக்கு, எழுதி வச்ச சாகித்யம் இருக்கு. இதை அதோட ஒப்பிடாதீங்க. இங்க இருந்ததெல்லாம் வீடு. அந்த வீட்ல மைக் இல்லை.

சுருதிப்பெட்டி:
ஒப்பிடக்கூடாதுன்னு சொல்ற நீங்க கர்நாடக சங்கீதச் சுருதிக் கணக்குல மூணாங்கட்டைன்னு பேர் வச்சுக்கிட்டீங்களே.

புளூஸ்பித்தன்:
பாஞ்சோ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அருள் நடத்தும் மேடையில் ஒருவர் "பாஞ்சோவின் குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தவர் ஜோயல் ஸ்வீனி" என்று அறிமுக உரை ஆற்றியதாக இங்கேயே முன்பு யாரோ எழுதியிருந்தார்கள். ஸ்வீனி 1830களில் புகழ்பெற்ற வெள்ளையர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் கரோலினாவில் வரையப்பட்ட பண்ணை ஓவியம் ஒன்றில் அடிமைப்பட்ட ஒருவர் சுரைக்குடுக்கை பாஞ்சோ வாசிக்கிறார், அதில் குட்டைத் தந்தி தெளிவாக இருக்கிறது. ஸ்வீனி அப்போது பிறக்கவே இல்லை. செனகாம்பியாவின் அகோன்டிங்கிலும் கட்டைவிரலுக்கென்று குட்டைத் தந்தி உண்டு. மைக்கில் பொய் சொன்னால் இருபது பேர் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். இதுவா உயிரோடு வைத்திருப்பது?

சுருதிப்பெட்டி:
அந்தக் குட்டைத் தந்தி நம்ம தம்புரா மாதிரி ஒரே சுரத்தை விடாம ஒலிச்சிக்கிட்டே இருக்குமே, அதுவா? முதல் தடவை கேட்டப்போ ஏன் இவ்வளவு பழக்கமா இருக்குன்னு நினைச்சேன்.

காப்பிக்கடை அருள்:
ஸ்வீனி பத்திச் சொன்னது ஒரு விருந்தாளி. அடுத்த வாரமே இன்னொருத்தர் அதே மைக்ல ஏறித் திருத்தினார். திருத்தவும் மைக்தான் உதவிச்சு. அதை யாரும் இங்க எழுத மாட்டீங்க.

மூணாங்கட்டை:
திருத்துற அன்னிக்கு முதல் வாரத்து இருபது பேரும் வந்திருந்தாங்களா?

காப்பிக்கடை அருள்:
உங்க ஜாம் வட்டத்தைப் பத்தியும் பேசலாமா? புதுசா ஒருத்தன் பெட்டியோட வந்தா நாற்காலியை ஒரு அங்குலம் நகர்த்த மாட்டீங்க. பிடில், பாஞ்சோ சுருதி மாத்துறது சிரமம்னு ஒரு மணி நேரம் முழுக்க ஏ சுருதி, அப்புறம் ஒரு மணி நேரம் டி சுருதி. ட்யூன் பேரைக் கேட்டா முறைப்பு. போன மாசம் பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு என் மேடையில பாஞ்சோவைக் கிளாஹேமர் பாணியில வாசிச்சா. நகத்தால கீழ்நோக்கி அடி, கட்டைவிரல் குட்டைத் தந்தியில. ரெண்டு வருஷமாப் படுக்கையறையில காணொளி பார்த்துக் கத்துக்கிட்டவ, வேற மனுஷன் முன்னாடி வாசிச்சது அன்னிக்குத்தான். இறங்கினதும் எழுபது வயசுக்காரர் ஒருத்தர் பிடிலைத் தூக்கிக்கிட்டு அவ பக்கத்துல போய் உக்காந்தார். கடை மூடுற வரைக்கும் ரெண்டு பேரும் எழுந்திரிக்கலை. அந்தப் பெரியவர் உங்க வட்டத்துலேர்ந்து வந்தவர்தான். அங்க அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

மூணாங்கட்டை:
அவங்க ரெண்டு பேரும் ஓரமா உக்காந்து வாசிச்சப்போ மைக் இருந்ததா?

அவ்வளவுதான். என் தரப்பை நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க.

காப்பிக்கடை அருள்:
மைக் இல்லேன்னா அந்தப் பெரியவருக்கு அவ இருக்கிறதே தெரிஞ்சிருக்காதே!

வேலையத்தவன்:
ஒரு நடைமுறைச் சந்தேகம். எங்க ஊர்க் கடையில ஓபன் மைக்கை நிறுத்திட்டாங்க. ஆஸ்காப், பி.எம்.ஐ.ன்னு பாட்டு உரிமைக்கு வசூல் பண்ற அமைப்புகள்கிட்டேர்ந்து உரிமக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்ததாம். பழைய பாட்டு மட்டும் பாடினா கட்டணும்னு இருக்கா?

காப்பிக்கடை அருள்:
வெளியான வருஷத்துக்கு அப்புறம் 95 வருஷம் முழுசா முடிஞ்ச பாட்டுக்கு இங்க காப்புரிமை கிடையாது. ஆனா கதவைத் திறந்து வச்சுட்டு யார் என்ன பாடுவாங்கன்னு கடைக்காரரால உத்தரவாதம் தர முடியாது. எவனாவது ஒருத்தன் 90களோட பாட்டை எடுப்பான். பலகையில "மரபுப் பாட்டு மட்டும்"னு எழுதிப் பார்த்தேன், பாதிக் கூட்டம் போயிடுச்சு.

புளூஸ்பித்தன்:
காப்புரிமை என்றதும் லெஸ்லி ரிடிலை நினைத்துக்கொள்ளுங்கள். கார்ட்டர் குடும்பத்து ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுத் திரட்டப் போனபோது கூடவே போய், மெட்டுகளை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்த கறுப்பினக் கிட்டார்காரர். பாட்டுகள் கார்ட்டர் பெயரில் பதிவாயின. வீடு, வீடு என்கிறாரே மூணாங்கட்டை, அந்த வீட்டில் யார் பெயர் விட்டுப்போனது என்றும் சொல்லட்டும்.

மூணாங்கட்டை:
நான் சொன்ன வீடு கறுப்பினத்தவர் வீடுதானே? முதல் பதிவுலயே சொல்லியிருக்கேன். யாரும் மேல போய்ப் படிக்கிறதில்லை. உங்க புளூஸ் பக்கத்துக்கு வந்தா, 1963ல பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டைத் தேடிக் கண்டுபிடிச்சதே பழைய தட்டுல அவர் தன் ஊர் பேரைப் பாடியிருந்ததாலதான். 1928ல பாடினவர், முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அதே ஊர்லதான் இருந்தார். ஓபன் மைக் போய் எழுப்பலை.

புளூஸ்பித்தன்:
"உங்க பக்கம்" என்று ஒன்று எனக்கு எப்போது வந்தது?

காப்பிக்கடை அருள்:
கண்டுபிடிச்சு அப்புறம் அவரை எங்க கொண்டுபோய் நிறுத்தினாங்க? நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில. மைக் முன்னாடி.

மூணாங்கட்டை:
நியூபோர்ட்ல பேர் எழுத நோட்டு இருந்ததா?

சுருதிப்பெட்டி:
முதல்ல மைக் கேட்டீங்க, இப்ப நோட்டு. எதைத்தான் மறுக்கிறீங்கன்னு ஒரு வரியில எழுதுங்களேன்.

மூணாங்கட்டை:
ஒரு வரியிலதான் கேட்டேன் மேடம், தலைப்பையே பாருங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் "இல்லை"ன்னு சொல்லலை.

வேலையத்தவன்:
இல்லை. போதுமா? இப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க, புதுசா பாஞ்சோ வாங்கலாம்னு இருக்கேன். பின்னாடி ரெசனேட்டர்னு மூடி வச்சதா, திறந்ததா?

மூணாங்கட்டை:
திறந்தது. ரெசனேட்டர் மேடைக்காரங்களுக்கு. சத்தத்தை முன்னாடி தள்ளும், கனமும் ஜாஸ்தி. வீட்டுக்கு எதுக்கு?

காப்பிக்கடை அருள்:
ரெசனேட்டர் வச்சதே வாங்குங்க தம்பி. கழட்டிட்டாத் திறந்ததுதான். புதன்கிழமை ஏழு மணிக்கு வந்துடுங்க, முதல் பேர் உங்களோடது.

மூணாங்கட்டை:
எட்டு நிமிஷம்னு பலகையில எழுதியிருக்கும் தம்பி, பார்த்துக்கோங்க.