பதில்: அஃபோர்டன்ஸ் – ‘வாகு’ என்று வைத்துக்கொள்ளலாம்

குழுவினருக்கு வணக்கம்.

‘அஃபோர்டன்ஸ்’ (affordance) என்ற வடிவமைப்புச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த சொற்களில் ‘செயலுணர்த்தி’க்குத்தான் ஆதரவு அதிகம் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஊடாட்ட வடிவமைப்பில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வீடு தண்டையார்பேட்டை, ஆய்வேட்டுக்கான களவேலை காசிமேட்டு மீன் சந்தையில். அதனால் இந்தச் சொல் எனக்குத் தினமும் வேண்டியிருக்கிறது.

உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1979இல் இதை விளக்கி எழுதியபோது, இதற்கான வினைச்சொல் (afford) ஆங்கில அகராதியில் இருக்கிறது, பெயர்ச்சொல் இல்லை, அதை நானே உண்டாக்கினேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். ஓர் இடமோ பொருளோ ஓர் உயிருக்கு எதைச் செய்ய இடம் கொடுக்கிறது என்பதே அவர் பேசியது. முழங்கால் உயரத்தில் தட்டையாக, உறுதியாக ஒரு திண்ணை இருந்தால் பெரியவர்கள் உட்காரலாம், தவழும் குழந்தைக்கு அது சுவர். வாரன் என்பவர் 1984இல் படிகளை வைத்துச் சோதித்தார். படியின் உயரம் கால் நீளத்தில் 0.88 பங்கைத் தாண்டினால் சாதாரணமாக ஏற முடியாது என்பதை ஆட்கள் கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டார்கள், குட்டையானவர்களுக்கும் நெட்டையானவர்களுக்கும் அந்த விகிதம் ஒன்றாகவே இருந்தது. ஆக, பொருளை மட்டும் பார்த்தோ ஆளை மட்டும் பார்த்தோ இதைச் சொல்ல முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

‘செயலுணர்த்தி’ சறுக்குவது இங்கேதான். உணர்த்துவது வேறு வேலை. 1988இல் டொனால்ட் நார்மன் என்ற வடிவமைப்பு ஆய்வாளர் இந்தக் கருத்தை வடிவமைப்புக்குள் கொண்டுவந்த பிறகு, திரையில் ஒரு பொத்தான் படம் வரைந்தாலே அஃபோர்டன்ஸ் சேர்த்துவிட்டேன் என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதைச் சரிசெய்யத்தான் பின்னால், இங்கே அழுத்து என்று காட்டுகிற பகுதிக்கு சிக்னிஃபையர் என்று தனிப்பெயரே கொடுத்தார், 2013இல் திருத்தி வெளியிட்ட தன் நூலிலும் அதைச் சேர்த்தார். அவர் பிரித்து வைத்ததை நாம் தமிழில் மறுபடி ஒன்றாகக் கட்ட வேண்டாம்.

களத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருக்கும் ஓர் அக்கா. போன் கண்ணாடிக் கவரில் கழுத்தில் தொங்குகிறது. பணம் வந்ததா என்று பார்க்க முதலில் புறங்கையைப் புடவையில் துடைத்து, விரல் முட்டியால் கவரின் மேல் தட்டுகிறார். திரை அசையவில்லை. மறுபடி தட்டினால் எங்கேயோ போய்த் திறக்கிறது. தொடுதிரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, விரல் பட்டதும் மின்புலம் மாறுவதைத்தான் பார்க்கிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், எது விரல் எது தண்ணீர் என்று அதற்குப் பிடிபடுவதில்லை. அக்கா போனை விட்டுவிட்டு, தொகையைத் தமிழில் சொல்லும் சவுண்ட் பாக்ஸுக்குக் காதைக் கொடுத்தார். “ஈரக்கைக்கு இது வாகா இல்லம்மா” என்றார்.

போன் திரையில் பொத்தான் பெரிதாக, பச்சை நிறத்தில், பளிச்சென்று இருந்தது. உணர்த்துவதில் எந்தக் குறையும் இல்லை. காய்ந்த கைக்கு இருக்கும் வாகு ஈரக்கைக்கு இல்லை, அவ்வளவுதான். இதை ஸ்டூடியோவில் ஒட்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டும்போது ஆங்கிலத்தில் ‘வசதியாக இல்லை’ என்று ஆகிவிடுகிறது. உடனே கிரிட்டிக்கில், அதாவது வேலையை எல்லோரும் சேர்ந்து விமர்சிக்கும் வகுப்பில், வசதிக் குறைவா அல்லது செய்யவே முடியாதா என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான், ஆனால் அந்த அக்கா சொன்ன சொல்லிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

எனக்கு ‘வாகு’ பிடித்ததற்கு முதல் காரணம் அதன் இலக்கணம். கைக்கு வாகு, காலுக்கு வாகு, இடுப்பில் வைக்க வாகு. யாருக்கு, எதற்கு என்று நான்காம் வேற்றுமை கேட்காமல் அந்தச் சொல் பெரும்பாலும் நிற்பதில்லை. கிப்சன் பக்கம் பக்கமாக வலியுறுத்தியதை நம் வேற்றுமை உருபு தானாகவே செய்துவிடுகிறது. உடல்வாகு என்பதில் உடலும் கூடவே வருகிறது.

‘தோது’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். நல்ல சொல், எங்கள் பக்கம் நிறையவே புழங்குகிறது. ஆனால் பணத்துக்குத் தோது பண்ணணும் என்று ஏற்பாட்டையும் அது குறிக்கும். ‘வாட்டம்’ என்றால் தண்ணீர் ஓடும் சரிவும் வந்துவிடும், முகவாட்டமும் வந்துவிடும். ‘ஏதுநிலை’ என்ற சொல் கட்டுரையில் நன்றாக இருக்கும், களத்தில் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் போட்டால் மீன் விற்கும் அம்மா என்னையே திருப்பிக் கேட்பார், இது என்ன என்று.

கூட்டுச்சொல்லும் எளிதாக வருகிறது. கேவர் என்ற ஆய்வாளர் 1991இல் கண்ணுக்குத் தெரிவது, மறைந்திருப்பது, இருப்பதுபோல் ஏமாற்றுவது என்று அஃபோர்டன்ஸைப் பிரித்ததை அப்படியே வெளிவாகு, மறைவாகு, பொய்வாகு என்று சொல்லலாம். கைப்பிடி வைத்துவிட்டு ‘தள்ளவும்’ என்று தாள் ஒட்டியிருக்கும் கண்ணாடிக் கதவு பொய்வாகு. அழுத்திப் பிடித்தால் மட்டும் வரும் பட்டியல் மறைவாகு, வயதானவர்களிடம் அது இருப்பதையே நாம்தான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேச்சு வழக்குச் சொல், கலைச்சொல்லுக்குரிய கனம் இல்லை என்ற மறுப்பு வரும் என்று தெரியும். அகராதியில் உள்ள சொல்தான் இது. புழக்கத்தில் இருப்பதைக் குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை, யாரை வைத்து ஆய்வு செய்கிறோமோ அவர்களுக்குப் புரிகிற சொல்லிலேயே ஆய்வேடும் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

சிக்னிஃபையருக்கு ‘கைகாட்டி’ என்று வைத்திருக்கிறேன், ரயில்பாதைக் கைகாட்டி மரம் நினைவில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அடுத்த சுற்றுக் களவேலைக்கான தாள்களில் இந்த இரண்டையும் போட்டு அச்சுக்குக் கொடுக்கப்போகிறேன். ‘கைகாட்டி’க்கு மாற்று இருந்தால் அதற்குள் எழுதுங்கள், ‘சுட்டி’ மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே மவுஸுக்கும் லிங்க்குக்கும் போய்விட்டது.