ஜிஎஸ்டி வேலையும் நான்கு வயது மகனும்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் வீட்டிலிருந்தே கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி படிவம். தேதி நெருங்கும்போதுதான் மகன் மடியில் ஏறி கீபோர்டைத் தட்டுவான். கடைக்காரர்களோ கடைசி ராத்திரி வாட்ஸ்அப்பில் பில்லைக் கொட்டுவார்கள்.

எங்கள் ஊர்த் தொழில் கதைகளில் ஒன்று: 1937-இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை (ஐஓபி) காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊரிலும் ஒரே நாளில் தொடங்கினார். படிக்க உற்சாகம்தான்! ஆனால் அந்தக் காலத்துத் தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைகளை வளவுக்குள் (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதி) ஆச்சிமார், அதாவது வீட்டுப் பெண்கள், வளர்த்த கதையை யார் எழுதுகிறார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையோடு தொழில் நடத்தும் அக்கா, அண்ணன்மார்களே, பில்லை முன்கூட்டியே எப்படி வாங்குகிறீர்கள்? கடைசி நாளில் தருபவர்களிடம் கூடுதல் கட்டணம் கேட்டால் கோபிப்பார்களா? அப்புறம், செக்காலை பக்கம் அரைநாள் குழந்தையை விட நல்ல இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.